தாடையை வெட்டாமல் காப்பாற்றலாம், பத்து வருடம் கிளினிக் போக முடிந்தால்

வலிக்கிற வீக்கத்துக்கு மாத்தளையில் ஆளுக்கொரு மருந்து தெரியும். கராம்பைக் கடித்துக்கொள்ளலாம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், பார்மசியில் போய் இரண்டு நாளைக்கு மாத்திரை கேட்கலாம். வலி நின்றால் விஷயம் முடிந்தது. வலிக்காத வீக்கம் அப்படியல்ல. அது யாரையும் அவசரப்படுத்துவதில்லை. “ஒரு பக்கக் கன்னம் மட்டும் கொழுத்திருக்கு” என்று வீட்டில் கேலி பண்ணிக்கொண்டே ஒரு வருடம் போய்விடும்.

இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் சந்தித்த குடும்பத்துக்கும் அப்படித்தான் போயிருந்தது. மகளுக்கு 15 வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். (பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் தவிர்க்கிறேன்.) இடது கீழ்த்தாடையில், காதுக்குச் சற்று முன்னால் வீக்கம். கடைவாய்ப் பல் முளைக்கிறது என்று நினைத்தார்கள். இரண்டு தடவை அன்டிபயோட்டிக் குடித்தும் வீக்கம் இறங்கவில்லை. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது தாடை எலும்புக்குள் பெரிய கறுப்பு வெளியொன்று தெரிந்தது. ஞானப்பல் அதன் அடியில் தள்ளப்பட்டுக் கிடந்தது. திசுத்துண்டு எடுத்துப் பேராதனைக்கு அனுப்பினார்கள். வந்த பதில்: அமெலோபிளாஸ்டோமா.

தாயைக் குழப்பியது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஒரு வைத்தியர், தாடையின் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதே பாதுகாப்பு என்றார். இன்னொருவர் பிள்ளையின் வயதைப் பார்த்துவிட்டு, தாடையை வைத்துக்கொண்டே கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்றார். “படிச்ச ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா நாங்க யார நம்புறது, தங்கச்சி?” என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. இரண்டு வைத்தியர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அது எப்படி என்பதை விளங்கப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இது புற்றுநோயா?

இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் அதற்குக் காரணங்கள். அதனால் இறந்த ஒருவரையாவது தெரியாத லயன் கிடையாது. ஆகவே “வாயில் கட்டி” என்ற சொல் காதில் விழுந்தவுடன் அக்கம்பக்கத்தில் எல்லோர் மனமும் ஒரே இடத்துக்குப் போகிறது. இந்தப் பிள்ளையின் பாட்டி வெற்றிலை போடுவதை நிறுத்திவிட்டாராம், தன் எச்சில்தான் பேத்திக்கு ஒட்டிக்கொண்டது என்று.

அமெலோபிளாஸ்டோமா அந்த நோய் அல்ல. வெற்றிலையால் வருவதில்லை, தொற்றுவதும் இல்லை. பல் உருவாகும்போது அதன் மேற்பூச்சான எனாமலை உண்டாக்குகிற திசு ஒன்று இருக்கிறது. பல் முளைத்த பிறகும் அந்தத் திசுவின் மிச்சம் மீதி தாடைக்குள் தங்கிவிடும். எல்லோருக்கும் தங்கும். பெரும்பாலானோரில் அது சும்மா கிடக்கும். சிலரில் அந்தக் கலங்கள் மறுபடி வளரத் தொடங்குகின்றன. எனாமலை உண்டாக்காமல் வெறும் கட்டியாக வளர்கின்றன. கீழ்த்தாடையின் பின்பக்கம், ஞானப்பல் இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் இது அதிகம்.

வைத்தியர்கள் இதைத் தீங்கற்ற கட்டி வகையில் சேர்க்கிறார்கள். அதாவது மிக மிக அரிதாகவே உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவும். ஆனால் “தீங்கற்ற” என்ற சொல்லை இந்தக் கட்டியைப் பொறுத்தவரை நான் அவ்வளவு நம்பமாட்டேன். இருக்கும் இடத்தில் அது எலும்பை மெதுவாகத் தின்றுகொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் முகமே கோணும் அளவுக்குப் பெருக்கும். மேல்தாடையில் வந்தால் கண் குழியையும் மண்டையோட்டின் அடிப்பகுதியையும் நோக்கிப் போகலாம்.

இது அபூர்வம் என்று சொல்லப்படும் நோய்தான். ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் உள்ள வாய் நோயியல் பிரிவுக்கு நாட்டின் பல பாகங்களில் இருந்தும் திசுத்துண்டுகள் வந்து சேர்கின்றன. அங்கே சேர்ந்த பதிவுகளை வைத்து சிறிவர்தன, தென்னகோன், திலகரத்ன ஆகிய ஆய்வாளர்கள் 2012 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்லை உருவாக்கும் திசுவில் இருந்து கிளம்பிய 1,677 கட்டிகளை அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தார்கள். அவற்றில் முதலிடம் அமெலோபிளாஸ்டோமாவுக்குத்தான். உலகளவில் இந்த நோயாளிகளின் சராசரி வயது 36 அளவில் என்று 1995 இல் வெளியான பெரிய மீளாய்வொன்று சொல்கிறது. ஆனால் எங்களைப் போன்ற வளர்முக நாடுகளில் அதைவிட இளையவர்களுக்கே வருவதாகவும் அதே ஆய்வு குறிப்பிடுகிறது. கிளினிக் வரிசையில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

வெட்டச் சொல்பவரின் நியாயம்

எக்ஸ்ரேயில் கட்டியின் எல்லை தெளிவாகத் தெரியும். கோடு போட்ட மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கோடு பொய்யானது. வழமையான வகை அமெலோபிளாஸ்டோமாவில் கட்டியின் சிறு சிறு தீவுகள் கோட்டைத் தாண்டி, கடற்பஞ்சு போன்ற உள் எலும்பின் துளைகளுக்குள் சில மில்லிமீற்றர் தூரம் நுழைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குழியைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். மூன்று வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி வளர்ந்திருக்கும்.

அதனால்தான் கட்டிக்கு வெளியே ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டி எடுப்பது என்ற முறை நிலைபெற்றது. இதுவரை வெளியான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, 2019 இல் வந்த மீளாய்வொன்றின் கணக்கு இது: வழமையான வகையில் தாடையை வெட்டியவர்களில் கட்டி திரும்பி வந்தது சுமார் 8 வீதத்தினருக்கு. சுரண்டியோ தோண்டியோ எடுத்தவர்களில் சுமார் 41 வீதத்தினருக்கு. ஐந்து மடங்கு வித்தியாசம். “வெட்டுவதே பாதுகாப்பு” என்று சொன்ன வைத்தியர் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

சரி, 15 வயதில் தாடையின் ஒரு பக்கத்தை இழப்பதென்றால் என்ன? எலும்போடு அதில் உள்ள பற்களும் போகும். கீழ் உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது. அதுவும் போனால் உதட்டின் அந்தப் பாதி வாழ்நாள் முழுவதும் மரத்திருக்கும். தேத்தண்ணீர் வழிவது தெரியாது. வெட்டிய இடைவெளியை டைட்டேனியம் தகட்டால் இணைப்பார்கள். பிறகு இடுப்பு எலும்பில் இருந்தோ, காலின் மெல்லிய வெளி எலும்பில் இருந்தோ துண்டெடுத்துப் பொருத்தி, தாடையை மறுபடி கட்டுவார்கள். காலெலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்துக் கழுத்துக் குழாயோடு தைப்பது ஒரு நாள் முழுக்க நீளக்கூடிய சத்திரசிகிச்சை. அதன் மேல் செயற்கைப் பல் நடுவது இன்னொரு கட்டம். அதற்கு எல்லோரிடமும் காசு இருப்பதில்லை.

இதெல்லாம் 40 வயதுக்காரருக்கும் பொதுதான். பிள்ளைக்கு மட்டும் உள்ள பிரச்சினை, முகம் இன்னும் வளர்ந்து முடியவில்லை என்பது. கீழ்த்தாடை பதின்ம வயதின் இறுதி வரை வளர்கிறது. ஒரு பக்கம் தகடும் ஒட்டிய எலும்பும், மறு பக்கம் வளர்கிற எலும்பும் இருந்தால் நாடி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். பத்து வயதில் போட்ட தகடு பதினெட்டு வயது முகத்துக்குப் பொருந்தாது. மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும். பெண் பிள்ளை என்றால் ஊர் என்ன பேசும் என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. ஆண் பிள்ளைக்கும் லேசு என்று நினைக்க வேண்டாம். கடையில் முன்னால் நின்று வியாபாரம் பார்க்கிற வேலைக்கு முகம் வேண்டியிருக்கிறது.

வெட்ட வேண்டாம் என்பவரின் நியாயம்

1977 இல் ராபின்சன், மார்ட்டினெஸ் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரை இந்த விஷயத்தில் ஒரு திருப்பம். அமெலோபிளாஸ்டோமா எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். நீர் நிறைந்த ஒற்றைப் பையாக வளரும் ஒரு வகை இருக்கிறது. கட்டிக் கலங்கள் அந்தப் பையின் சுவரில் படிந்திருக்கும். எலும்பின் துளைகளுக்குள் அவ்வளவாக நுழைந்திராது. பையைத் தோண்டி எடுத்தால் திரும்பி வரும் வாய்ப்பும் குறைவு. இந்த ஒற்றைப்பை வகை பெரும்பாலும் வருவது பதின்ம வயதினருக்கும் இருபதுகளில் இருப்பவர்களுக்கும்தான். முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றி, சாதாரண நீர்ப்பை போலவே எக்ஸ்ரேயில் தெரியும்.

முன்னே சொன்ன அதே 2019 மீளாய்வின்படி, ஒற்றைப்பை வகையில் வெட்டியவர்களில் திரும்பி வந்தது 3 வீதம், தாடையைக் காத்துச் செய்தவர்களில் 21 வீதம். வித்தியாசம் இருக்கிறதுதான். ஆனால் மறுபக்கம் இருந்து பாருங்கள். தாடையைக் காத்த 100 பேரில் 79 பேர் முழுத் தாடையோடும் சொந்தப் பற்களோடும் இருக்கிறார்கள். மீதி 21 பேருக்கு இரண்டாவது சிகிச்சை தேவைப்படுகிறது. அவர்களிலும் எல்லோருக்கும் தாடையை வெட்ட நேர்வதில்லை. அப்படியே வெட்ட நேர்ந்தாலும், அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும், முகம் அதன் இறுதி அளவுக்கு வந்திருக்கும். பத்து வயதில் செய்ய வேண்டியதை இருபதில் செய்வதே பெரிய இலாபம்தான்.

இன்னொரு விஷயமும் பிள்ளைகளுக்குச் சாதகம். இளம் எலும்பு வேகமாக ஊறி வளரும். பையை எடுத்த பிறகு இருக்கும் பெரிய குழி, எதையும் வைத்து நிரப்பாமலே மாதக்கணக்கில் தானாக மூடிக்கொண்டு வருவதை எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் காணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒற்றைப்பை வகைக்குள்ளும் பிரிவுகள் உண்டு. கட்டிக் கலங்கள் பையின் உள் பூச்சிலேயே நின்றால் நல்லது. சுவரைத் துளைத்து உள்ளே போயிருந்தால் அது வழமையான வகையைப் போலவே நடந்துகொள்ளக்கூடும். முதலில் எடுத்து அனுப்பும் சிறு துண்டை வைத்து இதை முழுமையாகச் சொல்ல முடியாது. பை முழுவதையும் எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்த பிறகுதான் தெரியும். ஆகவே “முதலில் பையை எடுப்போம், ரிப்போர்ட்டைப் பார்த்து மேற்கொண்டு முடிவு செய்வோம்” என்று வைத்தியர் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. அதுதான் சரியான வரிசை. மேல்தாடைக் கட்டிகளிலும், எலும்பைத் துளைத்துச் சதைக்குள் வந்துவிட்ட கட்டிகளிலும் தாடையைக் காக்கும் முறையைப் பெரும்பாலான நிபுணர்கள் விரும்புவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே திரும்பி வந்தால் விலை அதிகம்.

பிள்ளைகளின் தாடையில் வரும் கட்டிகள் எல்லாமே அமெலோபிளாஸ்டோமாவும் அல்ல. பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளுக்கு மேல்தாடைக் கோரைப்பல்லைச் சுற்றி அதிகம் வரும் இன்னொரு கட்டி இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்தாலே போதும், பெரும்பாலும் திரும்பி வராது. ஆகவே திசுப் பரிசோதனை ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் யாருடைய முடிவையும் கடைசி முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜன்னல் வெட்டுவது

தாடையைக் காக்கும் சிகிச்சை என்பது ஒன்றல்ல, பல. இந்தப் பிள்ளைக்குத் தெரிவு செய்யப்பட்டது, பையில் முதலில் ஒரு ஜன்னல் வெட்டும் முறை. வாய்க்குள்ளே, முரசுப் பக்கமாக ஒரு துளை போட்டு, உள்ளே உள்ள நீரை வெளியேற்றி, துளை மூடாமல் இருக்கச் சிறு குழாய் ஒன்றை வைத்துத் தைப்பார்கள். வெட்டும்போது பையின் சுவரில் இருந்து ஒரு துண்டு பரிசோதனைக்குப் போகும். பைக்குள் இருந்த அழுத்தம் இறங்கியவுடன் அது சுருங்கத் தொடங்கும். சுற்றிலும் புது எலும்பு வளரும். நரம்பை ஒட்டியிருந்த பை விலகி வரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, சிறுத்துப்போன பையை முழுதாகத் தோண்டி எடுப்பார்கள். பெரிய பையை ஒரேயடியாக எடுக்கும்போது தாடை முறிகிற அபாயம், நரம்பு போகிற அபாயம் இரண்டும் இதில் குறைகின்றன.

தோண்டி எடுத்த பிறகு குழியின் சுவரை என்ன செய்வது என்பதில்தான் சத்திரசிகிச்சை நிபுணர்களின் கைவண்ணம். சிலர் பர் கொண்டு ஓரிரு மில்லிமீற்றர் எலும்பைச் சீவி எடுக்கிறார்கள். சிலர் திரவ நைதரசனால் உறைய வைக்கிறார்கள். ஜப்பானில் கவாமுரா என்பவர் பரப்பிய முறையில், குழிக்குள் வளரும் வடுத் திசுவை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வழித்தெடுத்து, எலும்பு வளர இடம் கொடுக்கிறார்கள். இன்னும் சிலர் கார்னாய் திரவம் பூசுகிறார்கள். இது மதுசாரம், குளோரோபோம், அசற்றிக் அமிலம், பெரிக் குளோரைட்டு கலந்த ஒன்று. பெல்ஜிய உயிரியலாளர் கார்னாய் 19 ஆம் நூற்றாண்டில் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் கலங்களைப் பதப்படுத்தக் கண்டுபிடித்தது, பின்னால் தாடைக்கு வந்து சேர்ந்தது. வழக்கமாக மூன்று நிமிடம் வைத்துக் கழுவிவிடுவார்கள். எஞ்சிய கலங்களை ஒன்றரை மில்லிமீற்றர் ஆழம் வரை அது கொன்றுவிடும். குளோரோபோம் புற்றுநோயைத் தூண்டலாம் என்ற சந்தேகத்தால் இப்போது பல இடங்களில் அது இல்லாமல் கலக்கிறார்கள்.

இந்த மேலதிக வேலைகளால் பலன் உண்டா? லாவ், சம்மான் என்ற ஹொங்கொங் ஆய்வாளர்கள் 2006 இல் ஒற்றைப்பை வகையைப் பற்றி மட்டும் பழைய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வெறுமனே தோண்டி எடுத்தால் திரும்பி வருவது 30.5 வீதம். தோண்டிய பின் கார்னாய் பூசினால் 16 வீதம். ஜன்னல் முறையில் 18 வீதம். வெட்டி அகற்றினால் 3.6 வீதம். இந்தத் தொகுப்புகள் எல்லாம் சிறிய சிறிய ஆய்வுகளைச் சேர்த்துக் கட்டியவை, பிள்ளைகளை மட்டும் தனியே பார்த்தவையும் அல்ல. ஆகவே தசம புள்ளி வரை நம்பத் தேவையில்லை. வெறும் தோண்டலோடு நிறுத்துவது சரியில்லை என்பது மட்டும் விளங்குகிறது.

ஜன்னல் முறையில் பாதி வேலை வைத்தியசாலையில் நடப்பதில்லை. வீட்டில் நடக்கிறது. அந்தக் குழாய்க்குள் தினமும், சாப்பிட்ட பிறகெல்லாம், ஊசியில்லாத சிரிஞ்சால் உப்பு நீர் அடித்துக் கழுவ வேண்டும். மறந்தால் சோறு அடைக்கும், நாறும், பழுக்கும். கொதித்தாறிய தண்ணீர் வேண்டும். லயன் வீட்டில், பீலித் தண்ணீரைக் கொண்டுவந்து கொதிக்க வைத்து, பாடசாலைக்கு ஒரு போத்தலில் அடைத்துக் கொடுத்து, அங்கே பிள்ளை மற்றவர்கள் பார்க்காத இடம் தேடி வாய் கழுவி வர வேண்டும். இந்தத் தாய் அதை எட்டு மாதம் செய்தார். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இது “சிகிச்சை முறை” என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

யார் திரும்பி வருவார்?

கட்டி திரும்பி வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அது முதல் ஐந்து வருடத்துக்குள் வருகிறது. மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு. பத்து வருடம் தாண்டி வந்ததும் உண்டு. ஆகவே தாடையைக் காத்த பிள்ளை ஆரம்பத்தில் சில மாதங்களுக்கு ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, குறைந்தது பத்து வருடம் கிளினிக் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வருவது சிறிதாக இருக்கும்போது பிடிபட்டால் மறுபடி சிறு சிகிச்சையே போதலாம். யாரும் பார்க்காமல் ஆறு வருடம் வளர்ந்தால், முதலில் காப்பாற்றிய தாடையோடு சேர்த்து இன்னும் கொஞ்சமும் போகும். ஆக, காத்துச் செய்யும் சிகிச்சை சிறிய சிகிச்சை என்று நினைப்பது தவறு. கத்தி சிறியது, காலம் மிக நீளம்.

மருத்துவ நூல்கள் இதனால்தான், நோயாளி ஒழுங்காகத் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே இந்த முறையைத் தெரிவு செய்யச் சொல்கின்றன. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளினிக் அறையில் அந்த நம்பிக்கையை அளப்பது எப்படி? தோட்ட முகவரியைப் பார்த்து, சிங்களம் தடுமாறும் தாயைப் பார்த்து, “இவர்கள் வரமாட்டார்கள்” என்று ஒருவர் மனதுக்குள் முடிவெடுத்தால், வெட்டும் முடிவு கட்டியின் தன்மையால் அல்லாமல் குடும்பத்தின் நிலையால் எடுக்கப்பட்டதாகிவிடும். மறுபக்கம், அந்தப் பயம் முழுக்கப் பொய்யென்றும் சொல்ல முடியவில்லை. தோட்டத்துப் பையன்களில் எத்தனை பேர் 16, 17 வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். வலிக்காத தாடைக்காக வருடம் ஒரு நாள் லீவு கேட்டு வருவார்களா?

வருவதென்றாலும் கணக்குப் பாருங்கள். தோட்டத்தில் இருந்து மாத்தளைக்கு ஒரு பஸ். அங்கிருந்து சுமார் 25 கிலோமீற்றர் கண்டிக்கு ஒரு பஸ். கண்டியில் இருந்து பேராதனைக்கு இன்னொன்று. விடிய நாலரைக்குப் புறப்பட்டால்தான் நம்பர் கிடைக்கும். சிகிச்சை இலவசம், அது இந்த நாட்டின் பெருமை, குறை சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளையோடு போகும் தாய்க்கு அன்று பேர் விழாது. 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அது போக பஸ் காசும் சாப்பாடும் இருக்கிறது. முதல் வருடத்தில் மட்டும் இப்படி எத்தனையோ நாட்கள்.

மொழியும் இருக்கிறது. வேறொரு வைத்தியசாலையில், சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் எழுதும் தாளில் ஒரு தகப்பன் கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தாள் சிங்களத்தில் இருந்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி, “எங்க போடணும்?” வெட்டுவதா, காத்துப் பார்ப்பதா என்ற தெரிவு உண்மையில் குடும்பத்தினுடையது. திரும்பி வரும் வாய்ப்பு எவ்வளவு, எத்தனை வருடம் வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் கால் மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லாமல் அந்தத் தெரிவைச் செய்யச் சொல்வது அநியாயம். தமிழ் தெரிந்த தாதியோ பணியாளரோ இருந்தால், கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இந்தக் குடும்பம் காத்துப் பார்க்கத் தெரிவு செய்தது. இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்து, முழுப் பையும் பரிசோதனைக்குப் போய், கலங்கள் சுவரைத் துளைக்கவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இன்னும் ஒன்பது வருடம் போக வேண்டும்.

மாத்திரை வருமா?

2014 இல் வெளியான ஆய்வுகள் ஒரு புதுக் கதவைத் திறந்தன. அமெலோபிளாஸ்டோமாக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், குறிப்பாகக் கீழ்த்தாடையில் வருபவற்றில், பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் இருப்பது தெரியவந்தது. தோல் புற்றுநோயொன்றில் இதே மாற்றத்துக்கு எதிராக ஏற்கெனவே மாத்திரைகள் இருந்தன. அவற்றைத் தாடைக் கட்டிக்குக் கொடுத்துச் சுருக்கிவிட்டு, பிறகு சிறிய சத்திரசிகிச்சை செய்யலாமா என்று பார்த்தார்கள். 2024 இல் இஸ்ரேலிய வைத்தியர் குழுவொன்று 11 பேரில் இதைச் செய்து, தாடையைக் காப்பாற்ற முடிந்ததாக அறிவித்தது. பதினொரு பேர்தான். விலையோ மிக அதிகம். 2022 இல் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு கண்ட நாட்டில் இதை இப்போதைக்கு எதிர்பார்க்க முடியாது. ஆனால் இன்று 15 வயதாக இருக்கும் பிள்ளைக்கு 25 வயதில் கட்டி திரும்பி வந்தால் நிலைமை வேறாக இருக்கலாம். தாடையைக் காத்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கு முன், கட்டி நேரத்தோடு பிடிபட வேண்டும். பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் பொதுவாகப் பார்ப்பது 13 வயது வரையான பிள்ளைகளை. ஒற்றைப்பைக் கட்டிகள் அதிகம் தலைகாட்டுவது அதற்குப் பிறகு. ஆகவே அந்த வயதில் கண் வைக்க வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்களும் ஆசிரியர்களும்தான். ஒரு பக்கத் தாடை மட்டும் மெதுவாகப் பெருத்தல், காரணமில்லாமல் பல் ஆடுதல் அல்லது இடம் மாறுதல், எல்லோருக்கும் முளைத்த பல் இந்தப் பிள்ளைக்கு மட்டும் முளைக்காமல் இருத்தல், இரண்டு தடவை மருந்து குடித்தும் இறங்காத வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்றாவது தடவை அன்டிபயோட்டிக் வாங்காமல், அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் போய் முழுத்தாடை எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். ஓ.பி.ஜி. என்று சொன்னால் விளங்கும். அவர் அங்கிருந்து ஓ.எம்.எப். கிளினிக் எனப்படும் வாய், முக, தாடை சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்.

ஏற்கெனவே சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒரு வேலை. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தையும், திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இரண்டு பேருடைய போனில் வைத்திருங்கள். ரிப்போர்ட்டில் உள்ள இலக்கம் முக்கியம். ஆய்வுகூடங்கள் திசுவை மெழுகுக் கட்டியில் பதித்துப் பாதுகாத்து வைப்பது வழக்கம். அந்த இலக்கம் இருந்தால் வருடங்கள் கழித்தும் அதைத் தேடி எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். பிள்ளை கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகிறது என்றால் கிளினிக்கில் சொல்லி, போகும் இடத்துக்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த எக்ஸ்ரே எந்த மாதம் என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.